வந்த நிலை: உலர்ந்தது

மண் பொய் சொல்லாது என்று எந்த மகானுபாவன் சொன்னானோ தெரியாது. அவன் கையில் கிடைத்தால் அவன் வாயில் அதே மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும். மண் நன்றாகவே பொய் சொல்லும். இரண்டு தசம இடம் சுத்தமாக, அட்டவணை போட்டு, கீழே நம்மிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பொய் சொல்லும். நம்பாதவர்கள் மண்ணுக்காரியைக் கேட்கலாம்.

மண்ணுக்காரி என்பது தம்பி வைத்த பெயர். மண் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை. கல்யாணம் ஆகவில்லை. "எங்கக்கா மண்ணைக் கட்டிக்கிட்டா, மாப்பிள்ளை சாதுவா இருக்கார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவன் வீட்டுக்கு வந்தால் வாயை மூட மாட்டான்.

அவள் வேலை மண்ணுக்குப் பெயர் வைப்பது. கட்டடம் கட்டுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள் எல்லாரும் தோண்டிய மண்ணைப் பையில் கட்டி அனுப்புவார்கள். முதலில் சல்லடைகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் குலுக்கினால் சரளை மேல்தட்டில் நிற்கும், மணல் நடுத்தட்டுகளில் நிற்கும், மாவாக இருப்பது அடித்தட்டுக்கு வந்துவிடும். அந்த மாவில்தான் வம்பு. பார்வைக்கு எல்லா மாவும் ஒன்றுதான். வண்டலா, களியா, செடிகொடி மக்கிச் சேர்ந்த களியா என்று கண்ணால் சொல்லவே முடியாது. தண்ணீர் விட்டுப் பிசைந்து, அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்கு இரண்டு சோதனை. பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த மண்ணைத் தடவி, நடுவில் ஒரு கோடு கிழித்து, கிண்ணத்தை டக் டக் என்று தட்ட வேண்டும். இருபத்தைந்தாவது தட்டில் கோடு மூடிக்கொண்டால், அப்போது மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதுதான் நீர் எல்லை. அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் மண் ஓடத் தொடங்கிவிடும். அடுத்தது, அதே மண்ணைக் கண்ணாடிப் பலகையில் உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குவது. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் திரி உடைந்து உதிர்கிற நேரத்தில் இருக்கிற ஈரம் குழைவு எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டு, ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால் பெயர் கிடைத்துவிடும். பெயர் கிடைத்தால் அஸ்திவாரம் எப்படி என்று இன்ஜினியர் முடிவு செய்வார். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் மண்ணை நிழலில், மின்விசிறிக் காற்றில், நாலு நாள் உலர்த்த வேண்டும். அப்புறம் ரப்பர் மாட்டிய குழவியால் மெதுவாகப் பொடிக்க வேண்டும். உயிர் போவது அதில்தான்.

"மண்ணு டெஸ்ட் பண்றது ஒண்ணுமே இல்லம்மா, அதைக் காயவெச்சுப் பொடி பண்றதுக்குள்ளதான் தோள்பட்டை கழண்டுடுது" என்று அவள் லீவு நாளில் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு புலம்புவாள். அம்மா தைலத்தை எடுத்து வந்து தோளில் தேய்த்துவிடுவாள். "இந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்பாள். விடமாட்டாள் என்று அம்மாவுக்கும் தெரியும்.

போன வருஷத்து மழைக்காலத்தில் தம்பி ஊர்க்கோடியில் மனை வாங்கினான். அதில் வீடு கட்டத் திட்டம். முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் அப்பா அம்மாவுக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம் தெரியும் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மண்ணைப் பார்க்காமல் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்று மண்ணுக்காரிதான் அடம்பிடித்தாள். "பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டி, அடியிலிருந்து ஒரு பை மண்ணு கொடுங்க" என்றாள். 'அப்படியே ஈரமாக, பையை இறுக்கிக் கட்டி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியூர் ஒப்பந்தக்காரர்களுக்கு அச்சடித்த தாளைக் கொடுக்கிறவள், வீட்டு மனிதர்களுக்குத் தாள் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அப்பாவே பஸ் ஏறிக் கொண்டுவந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் காகிதம் வெட்டிய மனிதர், எதையும் விளிம்பு பிசகாமல் செய்வார். பையில் இல்லை, மூடி போட்ட பிஸ்கட் டப்பாவில் இருந்தது மண். திறந்து பார்த்தால் உலர்ந்து, பொடித்து, சலித்தே வைத்திருந்தது.

"பாத்தியா? உனக்கு ஒரு வேலையும் வைக்கல" என்றார். முகமெல்லாம் பல்.

"அடேயப்பா! எங்க ஆபீஸ்ல உங்களுக்கு வேலை வாங்கித் தரட்டுமாப்பா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பதிவேட்டில் எழுதினாள். வந்த நிலை: உலர்ந்தது, பொடி. சோதனை செய்தாள். நீர் எல்லை நாற்பத்தாறு, இடைவெளி வெறும் ஒன்பது. குறைந்த குழைவுள்ள வண்டல் என்று பெயர் வந்தது. ஒரு மாடி வீட்டுக்குச் சாதாரண அஸ்திவாரம் தாராளமாகப் போதும். அறிக்கையைத் தம்பி கையில் கொடுத்தபோது, "மாப்பிள்ளை சிபாரிசு பண்ணிட்டார், இனி என்ன பயம்" என்றான் அவன்.

குடிபோன ஏழாவது மாதம் பின்பக்கத்து அறைச் சுவரில் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு விழுந்தது. அம்மா போன் செய்தாள். "ஒரு விரல் நுழையுதும்மா, கதவும் சரியா சாத்த மாட்டேங்குது" என்றாள். கூடத்தில் வேலை தலைக்கு மேல் இருந்தது. "புதுப் பூச்சுன்னா வெடிக்கும்மா. மண்ணு நல்ல மண்ணு, நானே பாத்தது. பயப்படாம தூங்கு" என்றாள் மண்ணுக்காரி. அம்மாவும் மகள் பேச்சை நம்பித் தூங்கினாள். பதினோராவது நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, அப்பா மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மூலை உட்கார்ந்து சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அம்மா கட்டிலில் படுத்திருந்தாள்.

இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனசில்லை. அப்பா மாத்திரைப் பொட்டலத்தோடு தெருவில் நின்றார் என்று மட்டும் சொல்லலாம்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு தம்பி அவளிடம் வந்தான். அழுது அழுது குரல் போயிருந்தது.

"நீ சொன்ன மண்ணுலதான் கட்டினேன். எப்படி இப்படி ஆச்சு? அதை மட்டும் கண்டுபிடிச்சு சொல்லு. உன் தப்பு இல்லைன்னா நான் வந்து உன் கால்ல விழறேன். உன் தப்புன்னா, எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல."

அதற்குப் பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுப் போன் செய்தால், அப்பாவிடமே போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். வாய் ஓயாதவன் வாயை மூடிக்கொண்டால் அதைவிடத் தண்டனை கிடையாது.

வீடு இடிந்தால் விசாரணை வரும்தானே, வந்தது. வந்த இன்ஜினியர் பின்பக்கம் புதிதாகத் தோண்டி மண் எடுத்து வேறொரு கூடத்துக்கு அனுப்பினார். பழைய குட்டையைத் தூர்த்த இடம், அதிகக் குழைவுள்ள மக்கிய களி, இதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போடவே கூடாது என்று பதில் வந்தது. அறிக்கை மேடத்தின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மேடம் என்றால் கூடத்தின் தலைவி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே கை டிரேயைக் கீழே போட்டுவிடும், அப்படிப்பட்டவர்.

"ஈர மண்ணை அவசரத்துல ஓவன்ல வெச்சு உலர்த்தினியா?"

"இல்ல மேடம்."

"டப்பா மாறிப்போச்சா?"

"இல்ல மேடம். மாறலை."

"அப்போ மக்கின களி உன் கையில மட்டும் எப்படி வண்டலாச்சு? பதினாறு வருஷமா நீ ஒரு தடவை தப்பா எழுதி நான் பாத்ததில்ல." மேடம் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும். விசாரணைக்கு ஒரு நகல் போகும், வீட்டுக்காரருக்கு ஒரு நகல் போகும். புது மண்ணுல மிச்சம் வரவழைச்சிருக்கேன். பழைய மிச்சம் ஸ்டோர்ல இருக்கும். நீயே பாரு."

வீட்டுக்காரர் என்றால் தம்பி. மேடத்துக்கும் அது தெரியும்.

திங்கட்கிழமை அவள் புது மண் பையின் கட்டை அவிழ்த்தாள். அழுகின வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. கறுப்பு மண், முடி முடியாக வேர்கள். இதை ஒருமுறை முகர்ந்திருந்தால் போதும், எந்தச் சோதனையும் வேண்டாம், நேற்றுச் சேர்ந்தவன்கூட மக்கிய களி என்று சொல்லிவிடுவான். உலர்த்தாமல் அப்படியே குழைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். நீர் எல்லை தொண்ணூற்றிரண்டு. திரி உருட்டினாள். உள்ளங்கையை விட்டு வரவே மனமில்லாமல் அது நீண்டுகொண்டே போனது. இந்த மண்மேல்தான் அம்மா கட்டில் போட்டுப் படுத்திருந்தாள் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி உருட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டோரிலிருந்து பழைய மிச்சத்தை எடுத்து மறுபடி சோதித்தாள். அதே நாற்பத்தாறு. பழைய எண்ணில் தப்பில்லை, கையிலும் தப்பில்லை. அப்படியானால் மண்தான் வேறா?

புது மண்ணில் ஒரு கைப்பிடியை ஓவனில் ஒரு நாள் முழுக்க வைத்தாள். மக்கிய மண்ணுக்கு அதுதான் பரீட்சை. சூடு காட்டினால் மக்கின சத்து கருகி, மண் தன் குணத்தையே இழந்துவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய குணம் திரும்பாது. புதன்கிழமை அதை எடுத்துப் பொடித்துக் குழைத்துத் தட்டினாள். நாற்பத்தேழு.

நாற்பத்தாறும் நாற்பத்தேழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே மண். பழைய டப்பாவில் இருந்ததும் அதே கறுப்புக் களிதான். அவள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ அதைச் சூடாக்கியிருக்கிறார்கள். மிச்சத்தைத் தாளில் கொட்டி விரலால் பரப்பிப் பார்த்தாள். சல்லடையில் தப்பித்த ஒரு துண்டு வேர் கிடைத்தது. தொட்டதும் கரியாக உதிர்ந்தது.

பாத்தியா, உனக்கு ஒரு வேலையும் வைக்கல.

அப்பா டப்பாவோடு வந்தது அடை மழை பெய்த வாரம். துணியே காயாத வாரத்தில் ஒரு டப்பா மண் எப்படிக் காயும்? அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது அவள்தான். வேறு எவன் கொண்டுவந்திருந்தாலும் கேட்டிருப்பாள், திருப்பியும் அனுப்பியிருப்பாள். அப்பா என்பதால் கேட்கவில்லை. பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது, உலர்ந்தது, பொடி என்று. அதைப் பார்க்கப் பார்க்கத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

உண்மையை எழுதினால் வேலை தப்பும். தம்பி திரும்பக் கிடைப்பான். மண் கூடத்துக்கு வருமுன்பே சூடாக்கப்பட்டிருந்தது, ஒரே வரி. அந்த வரியைத் தம்பி படிப்பான், யார் சூடாக்கியது என்று அப்பாவைக் கேட்பான். மகளுக்குத் தோள் வலிக்குமே என்று அடுப்பில் வைத்துக் காயவைத்த மனிதருக்கு, அந்த அடுப்புச் சூடுதான் மனைவியைக் கொன்றது என்று தெரிந்துபோகும். அப்பா இப்போதே அரை உயிராகத்தான் இருக்கிறார். காலையில் எழுந்ததும், "உங்கம்மா ரூம் கதவைத் திறந்தாச்சா?" என்று கேட்கிறாராம். அந்த அறையே இல்லை. அவரிடம் போய் இதைச் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான்.

வியாழக்கிழமை அவள் விளக்கக் கடிதத்தை மேடத்திடம் நீட்டினாள். நான்கே வரி. ஈரமாக வந்த மண்ணை, அவசரத்தில், விதிக்கு மாறாக, ஓவனில் வைத்து உலர்த்திவிட்டேன். அந்தச் சூட்டால் மண்ணின் குணம் மாறிச் சோதனை முடிவு தவறானது. பதிவேட்டில் உலர்ந்தது என்று எழுதியதும் அதை மறைக்கத்தான். தவறு முழுவதும் என்னுடையது.

மேடம் படித்தார். மேஜைமேல் இருந்த மூன்று எண்களையும் பார்த்தார். அந்த எண்களைப் படிக்கத் தெரியாதவரா அவர்?

"யாரு சூடாக்கினது?"

"நான்தான் மேடம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காதே. ஓவன் பதிவேடு என்கிட்ட இருக்கு. அந்த வாரம் பூரா ஓவன் ரிப்பேர்."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"எங்கப்பா மேடம்" என்றாள் கடைசியில். "வேலையைக் குறைக்கணும்னு காயவெச்சுக் கொண்டுவந்தார். கேக்காம வாங்கினது நான். அந்த ஒரு கேள்வியைக் கேக்கிறதுக்குத்தானே மேடம் எனக்கு இந்த நாற்காலி? கேட்டிருந்தா எங்கம்மா இருப்பாங்க. அப்போ யாரு தப்பு?"

மேடம் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். "இதை நான் வாங்கிக்கிட்டா, நீ இனிமே எந்தக் கூடத்துலயும் மண்ணைத் தொட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அந்த ஓவன் பதிவேட்டை யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி மேடம் முத்திரை குத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தபாலில் போனால் அப்பா கையில் கிடைத்துவிடும் என்று நகலை அவளே எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனாள். தம்பி குடும்பம் இப்போது ஒரு வாடகை வீட்டில் இருந்தது, மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. பிரித்து வைக்காத சாமான்கள் சுவரோரம் அப்படியே கிடந்தன. இடிபாட்டில் தேடி எடுத்த அம்மாவின் வாணலி, பிடி வளைந்தபடி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. தம்பி மனைவி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் ஒன்றின் ஓரத்தை விளிம்பு பார்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். நான்கு வரிதான், ஆனால் திரும்பத் திரும்பப் படித்தான்.

"அவசரமா?" என்றான். "என்ன அவசரம் உனக்கு? நாலு நாள் காயவைக்க உனக்கு நேரம் இல்லியா? அம்மா படுக்கப்போற இடம், அதுக்கு நாலு நாள் இல்லியா உனக்கு?"

"தப்புதான்டா."

"தப்பா? தட்டை உடைச்சா தப்பு. இது தப்பா? அடுப்புல வெச்சு மண்ணைக் கெடுத்துட்டு, நல்ல மண்ணுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே! அம்மா போன் பண்ணப்பகூட பயப்படாம தூங்குன்னு..." கையால் வாசலைக் காட்டினான். "போயிடு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

அவள் திரும்பினாள். எதிர்பார்த்து வந்ததுதான். ஆனாலும் எதிர்பார்த்த அடி வலிக்காது என்று யார் சொன்னது? செருப்பைத் தேடினால் கண்ணில் படவில்லை.

"ஏம்மா?" என்றார் அப்பா. அடுப்பு என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தது. "நீ மறுபடியுமா அதை அடுப்புல வெச்சே? நாங்கதான் வறுத்தே குடுத்தோமே."

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"மழை விடாம ஊத்திச்சு. தோண்டின மண்ணு சொதசொதன்னு ஒரே நாத்தம். இதைப் போய் எப்படி அவகிட்ட குடுக்கிறதுன்னு உங்கம்மாதான் அடுப்புப் பக்கத்துல உக்காந்துட்டா. அந்த வாணலியிலதான். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, கிளறிக் கிளறி, ரெண்டு நாள் வறுத்தா. வீடெல்லாம் புகை. போதும் விடுன்னா கேக்க மாட்டேங்கிறா. 'எம்பொண்ணு தோளு என்னாத்துக்கு ஆகும், இதையாவது அவ இடிக்காம இருக்கட்டும்'னா. அப்புறம் இடிச்சு, சலிச்சு, வேரெல்லாம் பொறுக்கி எடுத்து டப்பாவுல போட்டா. நான் வறுத்தேன்னு சொல்லிடாதீங்க, திட்டுவா அப்படின்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிக்கிட்டா."

மண்ணுக்காரி திரும்பி உள்ளே வந்தாள். அப்பா இல்லை. அம்மா. அந்த அறையில் படுத்திருந்த அம்மா. தன் மண்ணைத் தானே கிளறிக் கிளறி வறுத்திருக்கிறாள், பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். தைலம் தேய்த்த அந்தக் கை, புகையில் கண் எரிய எரிய, மகள் தோளை நினைத்துக்கொண்டு வறுத்திருக்கிறது. ஐயோ அம்மா என்று கத்த வேண்டும் போல வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

தம்பி கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தான். அந்தச் சூட்டால் மண்ணின் குணம் மாறி என்ற வரியில் கண் நின்றது. வளைந்த பிடியோடு கிடந்த வாணலியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். லிஃப்ட் எங்கே சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவனுக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே என்று.

அப்பாவின் கையில் செய்தித்தாள் மடிப்பு பாதியில் நின்றிருந்தது. "அடுப்புல வெச்சதாலதான் மண்ணு கெட்டுச்சுன்னா சொன்னே?" என்று மகனைக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "அப்போ நாங்க வறுத்தது..."

"அது வேறப்பா!" என்றான் தம்பி. வேகமாக வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். "அது வீட்டு அடுப்பு. அதுல ஒண்ணும் ஆகாது. ஈரம்தான் போகும். இவங்க ஆபீஸ்ல இருக்கிறது பெரிய மெஷின், கரண்ட்ல ஓடறது. அதுல வெச்சா மண்ணு செத்தே போயிடும். அம்மா பண்ணதுல ஒரு தப்பும் இல்லப்பா." அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னான். "தப்புப் பண்ணது அக்காதான்."

அக்கா என்று சொன்னான். எத்தனை நாளைக்குப் பிறகு.

அப்பா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை வாங்கத்தான் அவள் வந்தாள், வாங்கிக்கொண்டாள்.

"உங்கம்மா அவ்வளவு பாடுபட்டுக் குடுத்ததைக் கொண்டுபோய்க் கெடுத்துட்டியேம்மா" என்றார்.

"ஆமாப்பா. நான்தான் கெடுத்துட்டேன்."

தம்பி எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். முதுகு குலுங்கியது. அழாதேடா என்று அப்பா அவன் தலையைத் தடவினார், மனைவியை நினைத்துத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு. சற்று நேரம் கழித்து அவருக்கு வேறேதோ ஞாபகம் வந்தது.

"உங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார். "நீ ஒண்ணுமே சொல்லலைன்னு அவளுக்குக் குறை. 'வறுத்துக் குடுத்தது பிள்ளைக்கு உபயோகமா இருந்துச்சான்னு கேட்டீங்களா, கேட்டீங்களா'ன்னு. நான்தான் கேக்க மறந்துட்டேன். இருந்துச்சாம்மா?"

மண்ணுக்காரி அப்பாவின் அருகில் போய் உட்கார்ந்து அவர் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இருந்துச்சுப்பா" என்றாள். "எனக்குத் தோளே வலிக்கல."